எம்பெக்-2, எச்.264, எச்.265: செயற்கைக்கோள் டிவிக்கு எது?

ஸ்டூடியோவில் ஒரு எஸ்டி (சாதாரணத் தெளிவு) படம் நொடிக்கு 270 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. செயற்கைக்கோளின் 36 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) ஒன்றில், பழைய செயற்கைக்கோள் ஒளிபரப்பு முறையான டிவிபி-எஸ்-படி கிடைப்பதோ ஏறக்குறைய 38 மெகாபிட். சுருக்காவிட்டால் ஒரு சேனல்கூட ஏறாது.

இந்த வேலையை முதலில் ஏற்றது 1990களில் வந்த எம்பெக்-2 என்ற வீடியோ சுருக்க முறை. படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, முந்தைய பிரேமிலிருந்து (வீடியோவின் ஒரு தனிப் படம்) ஒவ்வொன்றும் எங்கே நகர்ந்தது என்று சொல்லிவிட்டு, மிச்ச வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். நொடிக்கு 4, 5 மெகாபிட் கொடுத்தால் எஸ்டி படம் நன்றாகவே இருக்கும். குறைத்தால் கட்டங்கள் அப்பட்டமாகத் தெரியும்.

2003-இல் வந்த எச்.264, அதே தரத்தைச் சுமார் பாதி பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் பிட் அளவு) தருகிறது. நகர்வைக் கணிக்க ஒன்றுக்கு மேற்பட்ட பழைய பிரேம்களைப் பார்க்கும். கட்ட விளிம்புகளை மழுப்பும் வடிகட்டி அதற்குள்ளேயே உண்டு. ஆனால் இதையும் பட்டினி போட்டால் வேறு வகையில் கெடும்: புல்தரை பச்சைக் குழம்பாகும், முகங்கள் மெழுகாகும். கட்டம் தெரியாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

எச்.265 (2013) கட்டத்தை 64-க்கு 64 வரை பெரிதாக்குகிறது. வானம், சுவர் போன்ற பரந்த பகுதிகள் மிகக் குறைந்த பிட்டில் முடிந்துவிடும். அதனால் 4கே-யில் ஆதாயம் பெரிது, எஸ்டி-யில் சொற்பம். சுருக்கும் கருவியான என்கோடருக்கு வேலை அதிகம். காப்புரிமைக் கட்டணம் கேட்பவர்களும் பல குழுக்களாக நிற்கிறார்கள்.

என் தேர்வு: எச்டி-க்கு டிவிபி-எஸ்2 (டிவிபி-எஸ்-இன் அடுத்த தலைமுறை) மேல் எச்.264, 4கே-க்கு எச்.265. எம்பெக்-2-வை இனி புதிதாகத் தொடங்கக் காரணமே இல்லை. அது இன்னும் உயிரோடு இருப்பது வீடுகளில் உள்ள பழைய செட்டாப் பாக்ஸ்களால்தான். அவற்றின் சிப்பில் எம்பெக்-2 மட்டுமே உண்டு. மென்பொருளைப் புதுப்பித்து எச்.264-ஐ ஏற்ற முடியாது. பாக்ஸ்களை மாற்றி முடிக்கும்வரை ஒரே சேனலை இரண்டு வடிவிலும் அனுப்ப வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த வந்த மாற்றம் அதுவரை கூடுதல் இடத்தைத் தின்னும்.

இன்னொன்று. மிச்சமான பிட்டுகள் பெரும்பாலும் படத்துக்குத் திரும்புவதில்லை, புதிய சேனல்களுக்குப் போகின்றன. 1 மெகாபிட்டில் நெரிக்கப்பட்ட எச்.264-ஐவிட 5 மெகாபிட் எம்பெக்-2 கண்ணுக்கு நன்றாக இருக்கும். எனவே பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், பிட்ரேட்டையும் கேளுங்கள். செய்தி வாசிப்பவர் முகத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். மழை, அருவி, வேகமான கால்பந்து ஆகியவற்றைப் பாருங்கள்.