இலைப் பச்சையம் அளக்க இமேஜ்ஜே: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

இலையின் பச்சையத்தைப் படத்திலிருந்து கணிக்க விலைகொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இமேஜ்ஜே இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சாதாரண மடிக்கணினியே போதும். பழைய பாணி மெனுக்கள் முதலில் மிரட்டும், ஆனால் இந்த வேலைக்கு ஐந்தாறு கட்டளைகளுக்கு மேல் தேவைப்படாது.

அளவீடு கெடுவது பெரும்பாலும் படம் எடுக்கும்போதுதான். கைப்பேசியைவிடத் தட்டை ஸ்கேனர் நல்லது, ஏனென்றால் அதன் வெளிச்சம் மாறாது. 300 டிபிஐ வைத்து, தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் நிற விவரத்தைச் சுருக்கிவிடும். இலையின் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய இலையில் மூடியின் வெண்மை ஊடுருவித் தெரியும். மெலிந்த சிஐஎஸ் வகை ஸ்கேனர்களில் ஒரு சிக்கல் உண்டு. தடித்த நடுநரம்பு இலையைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிட்டால், அந்த இடம் மங்கி இருண்டு, பச்சையம் அதிகம் என்று பொய் சொல்லும். கைப்பேசிதான் வழி என்றால் நிழலில் எடுங்கள், ஒயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள், ஒவ்வொரு படத்திலும் ஒரு சாம்பல் அட்டை இருக்கட்டும்.

அளக்கும்போது பலர் தடுக்கிவிழும் இடம் இது: வண்ணப் படத்தில் நேரடியாக 'மெஷர்' கொடுத்தால் மூன்று நிறங்களும் கலந்த ஒற்றைச் சராசரிதான் வரும். முதலில் 'ஸ்பிளிட் சேனல்ஸ்' கொடுத்துச் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்து, நடுநரம்பைத் தவிர்த்து ஒரே பகுதியை மூன்றிலும் அளக்க வேண்டும். பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சுவதால் சிவப்பு மதிப்பு குறையக் குறையப் பச்சையம் கூடுகிறது என்று பொருள். கரும்பச்சை இலையில் அந்தச் சரிவு தட்டையாகிவிடும். அங்கே கணிப்பை அதிகம் நம்ப வேண்டாம்.

கார்ச்சரும் ரிச்சர்ட்சனும் 2003-ல் புல்தரைக்காகத் தந்த கரும்பச்சைக் குறியீடு இங்கும் உதவும். நிறக்கோணத்தில் (நிற வட்டத்தில் அந்த நிறம் நிற்கும் பாகை) 60 கழித்து 60-ஆல் வகுங்கள். அதனுடன் (1 − செறிவு), (1 − ஒளிர்வு) இரண்டையும் கூட்டி 3-ஆல் வகுங்கள். படத்தை நிறக்கோணம், செறிவு, ஒளிர்வு எனப் பிரிக்கும் இமேஜ்ஜேயின் 'எச்எஸ்பி ஸ்டாக்' நிறக்கோணத்தைப் பாகையில் தராது, 0 முதல் 255 வரை தரும். 120 பாகைத் தூய பச்சை அங்கே 85 எனத் தெரியும். அதை அப்படியே போட்டால் முதல் உறுப்பு 1-க்குப் பதில் 0.42 ஆகிவிடும். 360-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்த பிறகே சூத்திரத்தில் இடுங்கள். செறிவையும் ஒளிர்வையும் 255-ஆல் வகுங்கள்.

இந்த எண் எதுவும் மில்லிகிராம் அல்ல. அதற்கு அளவுத்திருத்தம் வேண்டும்: வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை குறைந்தது 30 இலைகளை ஸ்கேன் செய்து, அதே இடத்தில் வட்டத்துண்டு வெட்டி, 80% அசிட்டோனில் இருட்டில் சாறெடுத்து, 663, 645 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை ஆர்னனின் 1949 முறைப்படி அளந்து, கிடைக்கும் பச்சைய அளவையும் படத்தின் எண்ணையும் வரைபடத்தில் பொருத்துங்கள். நெல்லுக்குப் போட்ட கோடு வாழைக்குப் பொருந்தாது. மெழுகுப் பூச்சும் மயிரும் ஒளியைச் சிதறடிப்பதால் ரகம் மாறினாலும் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமியை அளக்க இதைப் பயன்படுத்தவே வேண்டாம். அதுவும் பச்சையமும் நீலத்தை உறிஞ்சுவதால் மூன்று நிறப் படத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி ஏறிச் சிவந்த இளந்தளிர்களில் பச்சையக் கணிப்பும் குலையும். மஞ்சளித்ததற்குக் காரணம் நைட்ரஜன் குறையா, இரும்புச் சத்துக் குறையா என்பதையும் எண் சொல்லாது.

இலையைக் கவ்விப் பச்சையம் அளக்கும் கைக்கருவியான ஸ்பேட் மீட்டர் 650, 940 நானோமீட்டரில் ஒளி ஊடுருவலை அளப்பதால் வயலில் நின்றபடியே வேகமாகச் சொல்லும். ஆனால் ஒரு அழுத்தலுக்கு 2×3 மில்லிமீட்டர் மட்டுமே, விலையும் அதிகம். முழு இலையில் பச்சையம் எங்கே திட்டுத்திட்டாகக் குறைகிறது என்று காட்ட இமேஜ்ஜேதான் மேல். யூரியா இப்போது போடலாமா என்று மட்டும் தெரிய வேண்டிய நெல் விவசாயிக்கு இரண்டுமே தேவையில்லை; இலை வண்ண அட்டை போதும்.