ஹெரால்டு சேசிஸ் ஒட்ட வாங்கிய கேஸ் இல்லாத மிக் மெஷின்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். மிக் மெஷின் என்றால் கம்பிச் சுருளைத் தானே தள்ளி, அதை உருக்கித் தகட்டை ஒட்டும் வெல்டிங் மெஷின். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டத் தகடு ஒட்ட வேண்டுமா, தாராளமாக வாங்குங்கள். கதவு, மட்கார்டு மாதிரி மெல்லிய பாடி தகடு ஒட்டத்தான் வேண்டும் என்றால் வாங்காதீர்கள், காசு தண்டம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த அரை கூட ஆடி மாதத்துக்காக. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு. மாமா ஓட்டியது, காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பல வருஷம் கிடந்தது. ஹெரால்டு நம்ம சென்னையில் 1961 முதல் கட்டிய வண்டி. அம்பாசடர், பத்மினி போல பாடியும் அடித்தளமும் ஒன்றாக ஒட்டிய கட்டுமானம் இல்லை இது. தனி சேசிஸ், அதன் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி. பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முழுசாக முன்பக்கம் கவிழ்க்கலாம், உள்ளே டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வீட்டில் வைத்து நோண்ட இதைவிட வசதியான பழைய கார் இந்தியாவில் கிடையாது என்பது என் கருத்து. போல்ட்டைக் கழற்றி, தெருவில் போன ஆறு பேரைக் கூப்பிட்டு, டீ வடை வாங்கிக் கொடுத்து பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டோம். தூக்கும் முன் கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிற்க ஒரு புள்ளி ஒட்டு) அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாடி மடங்கி, பிறகு ஜென்மத்துக்கும் கதவு சரியாகச் சாத்தாது.

சேசிஸைப் பார்த்ததும்தான் வயிறு கலங்கியது. நடுவில் ஓடும் இரண்டு பெரிய பெட்டிக் கட்டைகள் நன்றாக இருந்தன. அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி போய் பாடியைத் தாங்கும் அவுட்ரிக்கர்கள் இருக்கின்றனவே, அவற்றில் மூன்று அப்பளம். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது. சக்கரம் வாரி அடிக்கும் மண் அங்கேதான் போய்த் தங்கும், அதற்கு மேல் மழைத் தண்ணீர், வேறென்ன ஆகும்?

பட்டறையில் கேட்டால் வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஆறு மாதம் என்றால் எத்தனை வருஷம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்த மெஷின். சிங்கிள் பேஸ், 200 ஆம்பியர் என்று ஸ்டிக்கர், உருகும் இடத்தில் காற்று படாமல் காக்கும் கேஸ் சிலிண்டர் வேண்டாம், அந்த வேலையைச் செய்யும் மருந்தை உள்ளே அடைத்த 0.8 மி.மீ. கம்பிச் சுருள் போட்டால் போதும். ஆன்லைனில் பதினான்காயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் கேட்காதீர்கள், ஒரே அச்சில் வார்த்த மெஷினை நாலு பெயரில் நாலு கலரில் விற்கிறார்கள்.

பெட்டியைத் திறந்த அன்றே ஒட்டிப் பார்த்தேன். கோழி எச்சம். சத்தம் பட்பட் என்று வெடிக்கிறது, தீப்பொறி நாலா பக்கமும் தெறிக்கிறது, ஒட்டிய இடத்தைச் சுத்தியால் லேசாகத் தட்டினால் கையோடு வருகிறது. இரண்டு நாள் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து, மெஷின் மூடியைத் திறந்து ஒரே பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, கம்பிக்கு பிளஸ் குடுத்திருக்கு, இதுக்கு மைனஸ் வேணும்” என்றார். விஷயம் இதுதான். கேஸ் போட்டு ஒட்டும் சாதாரணக் கம்பிக்குத்தான் டார்ச்சில் (கம்பி வெளியே வரும் கைப்பிடி) பாசிட்டிவ். மருந்துக் கம்பிக்கு டார்ச் நெகட்டிவ், தகட்டைக் கவ்வும் எர்த் கிளாம்ப் பாசிட்டிவ். கேஸ் இல்லாத மெஷின் என்று விற்பவர்கள் கேஸுக்கான இணைப்பில் அனுப்பி வைத்திருக்கிறார்கள், கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டு நட்டைக் கழற்றி மாற்றிப் போட்டோம். அடுத்த கோடு இழுத்தபோது சத்தமே வேறு, வாணலியில் வடை பொரிகிற மாதிரி ஒரே சீராக. நீங்கள் எந்த மெஷின் வாங்கினாலும் முதல் வேலையாக அந்த மூடியைத் திறந்து பாருங்கள். அப்படியே கம்பியைத் தள்ளும் உருளையையும் பாருங்கள். மருந்துக் கம்பி உள்ளே மருந்து அடைத்த மெல்லிய குழாய்தான், மிருதுவானது, அதற்குப் பல் வெட்டின உருளை வேண்டும், வழவழப்பானதைப் போட்டு இறுக்கினால் கம்பி நசுங்கி டார்ச்சுக்குள் சிக்கிக்கொள்ளும்.

வீட்டு கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டி மெஷினை 90 ஆம்பியருக்கு மேல் வைத்தாலே எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தது. மீட்டர் பெட்டியிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயரில் தனி லைன் இழுத்து 32 ஆம்பியர் எம்சிபி போட்ட பிறகு சரியானது, அதற்கு எலெக்ட்ரீஷியன் கூலியோடு ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் கம்பி மட்டும் வருகிறது, தகடு உருக மாட்டேன் என்கிறது. எனவே என் வேலை எல்லாம் காலையில்தான்.

ஸ்டிக்கரில் 60 சதவீதம் டியூட்டி சைக்கிள் என்று போட்டிருக்கிறது. பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஒட்டலாம், நாலு நிமிஷம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். மே மாதம் கிருஷ்ணகிரி வெயிலில், தகரக் கொட்டகையில், 130 ஆம்பியரிலேயே மூன்று நிமிஷத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிட்டது. 200 என்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் போடும் பட்டம் மாதிரி.

இப்போது ஆடிக்கு வருகிறேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கார்பன் டை ஆக்சைடு எந்த மூலைக்கு? கேஸ் மெஷினாக இருந்தால் திறந்த கொட்டகையில் ஒட்டவே முடியாது, கேஸ் காற்றோடு போய் ஒட்டு முழுக்கப் பொத்தல் பொத்தலாக வரும். மருந்துக் கம்பி தன் புகையையும் கசடையும் தானே போர்த்திக்கொள்வதால் அந்த ஒரு மாதமும் நிற்காமல் வேலை நடந்தது. ஒட்டிய பிறகு கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட வேண்டும், அது ஒரு தொல்லைதான்.

அவுட்ரிக்கருக்கு ஓசூரில் 2 மி.மீ. சிஆர் ஷீட் (பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகடு) வாங்கி அங்கேயே மடித்துக்கொண்டு வந்தேன். ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) போடுங்கள், துருப் பிடிக்காது என்று ஒருவர் அறிவுரை சொன்னார், கேட்காதீர்கள், அதில் இருக்கும் துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் நிச்சயம். பழையதை வெட்டும் முன் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை சேசிஸின் ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் தொங்கவிட்டு, சிமெண்ட் தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை அளந்து எழுதிக்கொண்டேன். ஒரே நேரத்தில் இரண்டு அவுட்ரிக்கரை வெட்டக் கூடாது. ஒன்றை வெட்டு, ஒட்டு, அள, அப்புறம் அடுத்தது. பெட்டிக்குள்ளே பிறகு பெயிண்ட் போகாது என்பதால் மூடும் முன்பே உள்பக்கம் பிரைமர் அடித்துவிட்டேன். ஒட்டும் கோட்டை மட்டும் வெறுந்தகடாக விட்டேன்.

இந்த வேலையில் மெஷின் குறை வைக்கவில்லை. சோதனைக்கு ஒட்டிய துண்டை வைஸில் மாட்டி வளைத்தேன், தகடுதான் வளைந்தது, ஒட்டு விடவில்லை. இருந்தாலும் சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் நான் கை வைக்கவில்லை, அதை அந்த அண்ணன்தான் இதே மெஷினில் ஒட்டினார். அவர் கோடு பூரான் முதுகு மாதிரி இருக்கிறது, என்னுடையதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாடி தகடு வேறு கதை. 0.9 மி.மீ.தான் வருகிறது. மிகக் குறைந்த செட்டிங்கிலும் ஓட்டை விழுகிறது, ஓட்டையை அடைக்கப் போனால் பெரிய ஓட்டை. அம்மாவின் பழைய செம்புத் தாம்பாளத்தை வெட்டிப் பின்னால் முட்டுக் கொடுத்தேன் (கேட்டுத்தான் எடுத்தேன்). செம்பில் ஒட்டு பிடிக்காது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி என்று வைத்து ஒப்பேற்றினேன், ஆனால் அதற்கு அப்புறம் கிரைண்டர் பிடித்த நேரத்தில் இன்னொரு கதவே செய்திருக்கலாம். மிச்சத்தை கேஸ் மிக் வைத்திருக்கும் டிங்கரிடம் கொடுத்துவிட்டேன்.

கூட வந்த ஓசி ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். வெளிச்சம் பட்டதும் தானாகக் கறுக்க வேண்டிய கண்ணாடி, கறுக்க ஒரு கணம் தாமதம் ஆகிறது. ஒரு நாள் முழுக்க ஒட்டிவிட்டுப் படுத்தேன், நடு ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல், விடியும் வரை ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தேன். தனியாக நல்லதாக ஒன்று வாங்கினேன். எர்த் கிளாம்ப்பும் தகர பொம்மைதான், மாற்றியாயிற்று. வாரன்டிக்கு விற்றவர்கள் கொடுத்த நம்பரில் இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. வண்டியில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது, பொறி பறக்கும் முன் அதைக் கழற்றித் தெருக்கோடியில் கொண்டுபோய் வையுங்கள்.

சேசிஸையே வெட்டிப் புது இன்ஜின், புது சஸ்பென்ஷன் என்று மாற்றலாமே என்று பெங்களூர் நண்பர் விடாமல் நச்சரித்தார். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டி, பழைய வடிவத்திலேயே இருந்தால்தான் விண்டேஜ் பதிவு, 20,000 ரூபாய் கட்டணம். சேசிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றினால் அது போச்சு. அதனால் பழையபடியே ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன், கூடுதலாகச் செய்தது சீட் பெல்ட் போல்ட்டுக்கு அடியில் 3 மி.மீ. தகடு வைத்தது மட்டும்.

மெஷினை வேலை முடிந்ததும் விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பின்பக்க அவுட்ரிக்கர் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது, பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டும் வரிசையில் நிற்கிறது. தை மாதத்துக்கு மேல் கேளுங்கள்.