லேண்ட்ஸ்கேப் ஸ்டுடியோவுக்கு கியூஜிஐஎஸ்: எதுவரை நம்பலாம்?

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரை இளங்கலையிலேயே படிப்பவர்களுக்கும் சரி, பி.ஆர்க்.கில் ஒன்றிரண்டு செமஸ்டர் லேண்ட்ஸ்கேப் வருபவர்களுக்கும் சரி, ஸ்டுடியோவில் முதலில் தலையில் விழும் வேலை சைட் அனாலிசிஸ். மேடு பள்ளம், சரிவு, தண்ணீர் ஓடும் வழி எல்லாவற்றையும் தாளில் கொண்டுவர வேண்டும். இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) தாராளமாகப் போதும். எல்டிஆர் (LTR, நீண்ட காலம் பராமரிக்கப்படுவது) என்று குறிப்பிட்டிருக்கும் பதிப்பையே இறக்குங்கள். ஆகப் புதிய பதிப்பில் சில பிளக்-இன்கள் மக்கர் செய்யும்.

குறை மென்பொருளில் இல்லை, அதற்குள் போடும் உயரத் தரவில் இருக்கிறது. பெரும்பாலோர் எடுப்பது எஸ்ஆர்டிஎம் (SRTM) என்ற உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ராடார் கொண்டு அளந்தது. ஒரு பிக்சல் சுமார் 30 மீட்டர். உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும், தசமம் கிடையாது. சமவெளியில் இதை வைத்துக் கான்டூர் (சம உயரக் கோடு) போட்டால் படிக்கட்டு படிக்கட்டாக வரும். ஐரோப்பாவின் கோபர்னிகஸ் ஜிஎல்ஓ-30 தரவிலும் பிக்சல் அதே அளவுதான், ஆனால் தசமத்தோடு வருகிறது, துல்லியமும் மேல். இரண்டில் ஒன்று என்றால் இதையே எடுங்கள். இரண்டுமே வெறும் மண்ணை மட்டும் அளந்தவை அல்ல. மரத்தின் உச்சியும் மொட்டை மாடியும் சேர்ந்தே வரும்.

30 மீட்டர் என்பது 1:500 வரைபடத்தில் 6 சென்டிமீட்டர். தாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு உயரம்! அதன் மேல் 1 மீட்டர் இடைவெளியில் கான்டூர் கேட்டாலும் மென்பொருள் மறுக்காமல் அழகாக வளைத்து வரைந்து கொடுத்துவிடும். அத்தனையும் இடைக்கணிப்பு, அதாவது அளக்காமல் இடையில் ஊகித்து நிரப்பியது. ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இடங்களில் 10 மீட்டர் இடைவெளி நியாயமானது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 1 மீட்டர் கான்டூர் என்று ஷீட்டில் ஒட்டினால், ஜூரியில் (வடிவமைப்பை மதிப்பிடும் குழுவிடம்) வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மண்ணை வெட்டி நிரப்பி மட்டம் மாற்றும் கிரேடிங் பிளானுக்கு, டோட்டல் ஸ்டேஷன் கருவியால் நேரில் அளக்கும் சர்வேயைத் தவிர வேறு வழியில்லை.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கோளாறு: ஸ்லோப் மேப் போட்டால் நிலம் முழுக்க 90 டிகிரிக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். இறக்கிய தரவு ஈபிஎஸ்ஜி 4326 என்ற ஆய முறையில், அதாவது தூரம் டிகிரியிலும் உயரம் மீட்டரிலும் இருப்பதே காரணம். முதலில் வார்ப் கருவியால், தூரத்தை மீட்டரில் தரும் யூடிஎம் (UTM) ஆய முறைக்கு மாற்றுங்கள். சென்னை, மதுரை, சேலம், இலங்கை எல்லாம் 44 வடக்கு மண்டலம், எண் 32644. கோவை, நீலகிரி, நெல்லை, குமரி 43 வடக்கு, எண் 32643. எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. மாற்றும்போது ரீசாம்பிளிங்கை (புதுப் பிக்சல்களுக்கு மதிப்பு கணக்கிடும் முறை) பைலீனியர் என்று வையுங்கள். இயல்பாக இருக்கும் நியரஸ்ட் நெய்பர், ஹில்ஷேடில் (மேடு பள்ளத்தை நிழலிட்டுக் காட்டும் படம்) கோடு கோடாகத் தெரியும்.

சரிவைச் சதவீதத்தில் கேட்க, கியூஜிஐஎஸ்ஸுக்குள் இருக்கும் ஜிடால் (GDAL) ஸ்லோப் கருவியில் ஒரு டிக் இருக்கிறது. வண்ண வகுப்புகளைத் தானாகப் பிரிக்க விடாதீர்கள். 5 சதவீதம் (1:20), 8.33 சதவீதம் (1:12, சக்கர நாற்காலி ராம்ப்பின் உச்ச வரம்பு) என்று வடிவமைப்புக்கு உதவும் இடங்களில் வெட்டுங்கள். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று காட்டும் ஆஸ்பெக்ட் மேப் விஷயத்தில், தெற்குச் சரிவுதான் வெப்பமானது என்று மேலைப் பாடநூல்கள் சொல்வதை அப்படியே எழுதிவைக்க வேண்டாம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கிறது. நம் ஊரில் பிற்பகல் வெயில் அடிக்கும் மேற்குச் சரிவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நீரோட்டம் வரையும் பகுதிதான் நம் நிலத்துக்கு ஆகவே ஆகாதது. இணையப் பயிற்சி வீடியோக்கள் முதல் படியாக 'ஃபில் சிங்க்ஸ்' ஓட்டச் சொல்கின்றன. தண்ணீர் வெளியேறாத பள்ளம் எதுவும் தரவுப் பிழை என்று அந்தக் கருவி முடிவு செய்து நிரப்பிவிடும். ஏரியும் குளமும் ஊருணியும் பிழையா என்ன? ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழியும் ஏரித் தொடரை இப்படி மூடிவிட்டால், அனாலிசிஸில் பார்க்க வேண்டியதே காணாமல் போகும். கிராஸ் (GRASS) கருவித் தொகுப்பின் 'ஆர்.வாட்டர்ஷெட்' பள்ளத்தை நிரப்பாமலே வேலை செய்யும். அதில் குறைந்தபட்ச வடிநில அளவை 500 பிக்சல் என்று தொடங்கலாம். ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர் என்பதால் 45 ஹெக்டேர் வரும். அப்படியும் ஏரிக்கரை 30 மீட்டர் பிக்சலுக்குள் கரைந்துபோயிருக்கும். கரை, மதகு, கலிங்கு மூன்றையும் நேரில் போய்க் குறித்துவந்து தனி லேயராகக் கையால் வரைவதே சரி.

பிரின்ட் லேஅவுட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏ1 தாளில் 1:2000 என்றால் 1,682-க்கு 1,188 மீட்டர் நிலம் அடங்கும். ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட் டு பேஜ்' போட்டு அச்சடித்தால் அளவுகோல் தவறிவிடும். எண்ணோடு ஸ்கேல் பாரும் வைத்துவிட்டால் அச்சு சுருங்கினாலும் அளந்துகொள்ளலாம்.

கான்டூரை ஸ்கெட்ச்அப், ரைனோ போன்ற 3டி மாடலிங் மென்பொருளுக்கு எடுத்துப்போக, கான்டூர் கருவியிலேயே 3டி வெக்டர் டிக்கைப் போட்டு டிஎக்ஸ்எஃப் (DXF) கோப்பாகச் சேமியுங்கள். மறந்தால் எல்லாக் கோடும் உயரம் பூஜ்யத்தில் தட்டையாகப் போய்ச் சேரும். இறக்குமதியில் அலகு மீட்டர். யூடிஎம்மில் சென்னையின் வடக்கு ஆயம் (நார்த்திங்) 14 லட்சம் மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் ஸ்கெட்ச்அப்பில் கோடுகள் நடுங்கும், பரப்புகள் (ஃபேஸ்) உடையும். ஏற்றுமதிக்கு முன் வெக்டருக்கான 'டிரான்ஸ்லேட்' கருவியால் மனையின் ஒரு மூலையை 0,0-வுக்கு நகர்த்திவிட்டு, நகர்த்திய அளவை ஷீட்டில் ஓரமாகக் குறித்துவையுங்கள்.