உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சின்னதாகச் சொந்தத் தொழில் நடத்துபவர்கள், அதிலும் இணையதளத்தை வெளி ஆளிடம் கொடுத்துச் செய்தவர்கள், இதைப் படித்துவிடுங்கள். எங்கள் தொழிலின் பெயரில் உள்ள டொமைன், அதாவது இணையதளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் உரிய முகவரிப் பெயர், இன்று எங்கள் கையில் இல்லை. அதை எடுத்துக்கொண்டது முகம் தெரியாத ஹேக்கர் அல்ல, வருடா வருடம் நாங்கள் பணம் கட்டிவந்த வெப் டிசைனர்.

தளம் செய்யும்போதே டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பில்லில் "டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு - ஒரு வருடம்" என்று ஒரே வரியாகத்தான் வரும். அதைப் பார்க்கிற யாருக்கும் டொமைன் நம்முடையது என்றுதான் படும். அவருடைய வேலை மந்தமாகிப்போனதால் வேறு ஆளிடம் மாறலாம் என்று முடிவு செய்து, டொமைனை மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைக் கேட்டோம். முதலில் பதிலே இல்லை. அப்புறம் ஊரில் இல்லை, சர்வரில் கோளாறு என்று இழுத்தடித்தார். கடைசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது: "டொமைன் எங்க கம்பெனி அசெட் சார். நீங்க கட்டினது யூசேஜ் சார்ஜ்தான். வேணும்னா விலைக்குத் தர்றோம்." கூடவே ஒரு தொகை. தளம் செய்து கொடுக்க வாங்கியதைவிடப் பெரிய தொகை.

டொமைனைப் பதிவு செய்த ரெஜிஸ்ட்ரார் நிறுவனத்துக்கு எழுதினோம். மரியாதையாகவே பதில் வந்தது. அவர்கள் பதிவேட்டில் 'ரெஜிஸ்ட்ரண்ட்', அதாவது உரிமையாளர், என்ற இடத்தில் இருப்பது அவருடைய நிறுவனம், தொடர்பு மின்னஞ்சலும் அவருடையது, ஆகவே எங்களிடம் எதுவும் தர முடியாதாம். உரிமையாளர் கேட்டால் ரெஜிஸ்ட்ரார் 5 நாட்களுக்குள் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்று, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி இருக்கிறது. ஆனால் அது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கான விதி. பில் கட்டியவர் யார் என்று அந்த விதி பார்ப்பதில்லை.

எனவே இப்போதே பாருங்கள். ஐகேனின் டொமைன் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டால் எந்த ரெஜிஸ்ட்ரார், எப்போது காலாவதி என்று தெரியும். உரிமையாளர் பெயர் தெரியும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018-க்குப் பிறகு அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருக்கின்றன. ரெஜிஸ்ட்ரார் கணக்கின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உள்ளே போக உங்களிடம் பாஸ்வேர்டே இல்லை என்றால், அதிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. உறவு நன்றாக இருக்கும்போதே, உங்கள் பெயரில் நீங்களே ஒரு கணக்கு திறந்து, டொமைனை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயரை மாற்றியதும் 60 நாட்களுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போக முடியாமல் பூட்டு விழக்கூடும், அதற்கும் நேரம் விட்டுத் தொடங்குங்கள்.

தளம் போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். எங்களை உண்மையில் பதற வைத்தது மின்னஞ்சல்தான். டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர் நினைத்தால் அந்த முகவரிகளுக்கு வரும் கடிதங்களைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். வங்கி, விளம்பரக் கணக்கு, சமூக ஊடகப் பக்கம் எதுவானாலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் லிங்க் போவது அந்த முகவரிக்குத்தானே. ஆகவே வக்கீலைப் பார்ப்பதற்கு முன் நாங்கள் செய்தது, எல்லாக் கணக்குகளிலும் மீட்பு முகவரியை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டதுதான். இதே நிலையில் இருப்பவர்கள் அதையே முதல் வேலையாகச் செய்யுங்கள். டிசைனரிடம் சண்டை போடுவது அப்புறம்.

சட்ட வழி இல்லாமல் இல்லை. டாட் காம் போன்ற டொமைன்களுக்கு 1999 முதல் யூ.டி.ஆர்.பி. என்ற தகராறு தீர்வு முறை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பிலேயே புகார் கொடுக்கலாம். அதில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: டொமைன் உங்கள் வணிகக்குறியை (டிரேட்மார்க்) ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறார். மூன்றில் ஒன்று சறுக்கினாலும் புகார் நிற்காது. இது இரு தரப்பு ஒப்பந்தச் சண்டை, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று நடுவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. பதிவு செய்த டிரேட்மார்க் இருந்தால் முதல் படி சுலபம். இல்லையென்றால் அந்தப் பெயரில் நீண்ட நாள் வியாபாரம் நடந்ததைக் காட்டப் பழைய பில், விளம்பரம், வாடிக்கையாளர் கடிதம் எல்லாம் தேடி எடுக்க வேண்டும். நாங்கள் இப்போது அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவே இன்னொரு மின்னஞ்சல். வேறொரு நிறுவனம் உங்கள் பிராண்டு பெயரில் பல நாட்டு டொமைன்களுக்கு விண்ணப்பித்திருக்கிறது, உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே சூடு பட்டிருந்ததால் விசாரித்தோம். உலகம் முழுக்கப் பல வருடங்களாகச் சுற்றும் பழைய ஏமாற்று அது. டொமைன் பதிவில் முந்தினவருக்கே பெயர். எவனோ விண்ணப்பித்தால் உங்களைத் தேடி வந்து அனுமதி கேட்கிற ரெஜிஸ்ட்ரார் கிடையாது. பதில் எழுதினால், தேவையே இல்லாத பத்து டொமைன்களை அநியாய விலைக்கு நம் தலையில் கட்டுவார்கள். டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்ததும் அரசு அலுவலகம் அனுப்பியதுபோலவே வரும் போலிக் கட்டண நோட்டீசும் இதே ரகம். விண்ணப்ப விவரம் பொதுப் பதிவேட்டில் இருப்பதால் முகவரி அவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

எங்கள் விவகாரம் இன்னும் முடியவில்லை. கேட்ட தொகையைக் கொடுக்கவில்லை, புகாரைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். எங்களோடு வியாபாரம் செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: பழைய மின்னஞ்சல் முகவரியிலிருந்து வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள் என்று கடிதம் வந்தால் அது நாங்கள் அனுப்பியது இல்லை. உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் போன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் எதுவும் அனுப்பாதீர்கள்.