மூட்டு நோ: பாமசிக் குளிசையா, நாட்டு எண்ணெயா, கிளினிக்கா?

மட்டக்களப்பில் மூட்டு நோ வந்தால் ஆட்கள் போகும் இடம் மூன்று: சந்தியில் இருக்கும் பாமசி, எண்ணெய் காய்ச்சித் தரும் நாட்டு வைத்தியர், அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக். எது நல்லது என்பது எந்த நோ என்பதைப் பொறுத்தது.

காலையில் எழும்பியதும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்று கவனியுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் இளகி, படி ஏறும்போது நோ கூடினால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணித்தியாலம் போயும் கையைப் பொத்த முடியாமல், இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி வாரக்கணக்கில் நீடித்தால் முடக்குவாதமாக இருக்கலாம். நடுராத்திரியில் கால் பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் யூரிக் அமிலத்தைச் சந்தேகிக்கலாம். காய்ச்சலோடு தொடங்கினால் சிக்குன்குனியாவையும் நினைக்க வேண்டும். 2006இல் அது கிழக்கிலும் பரவியது. காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டு நோ மாதக்கணக்கில் இழுக்கும் வருத்தம் அது.

தேய்மானத்துக்கு எண்ணெய் பூசுவதில் எனக்கு எதிர்ப்பில்லை. இறுக்கம் கொஞ்சம் தளரும், வீட்டில் ஒருவர் காலைப் பிடித்துவிடுவதே ஒரு ஆறுதல். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. தொடைத் தசைக்குப் பயிற்சிதான் கூடுதல் பலன் தரும்: கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டி, கொஞ்ச நேரம் பிடித்து இறக்குவது. உடம்பு எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. பெயர் எழுதாத தூள் பொட்டலம் மட்டும் வேண்டாம். அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் நோ பறந்துவிடும், பிறகு முகம் ஊதும், சீனி ஏறும்.

பாமசியில் கேட்டவுடன் கிடைப்பது டைக்லோஃபெனாக் என்ற நோக் குளிசை. இரண்டு மூன்று நாள் நோவுக்கு உதவும்தான். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. பிரஷர் உள்ளவர்கள், சிறுநீரக வருத்தக்காரர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முடக்குவாதத்தில்தான் இந்தத் தேர்வு ஒரு ஆளின் வாழ்க்கையையே மாற்றுகிறது. குளிசை போட்டதும் நோ அடங்கும், மூட்டோ உள்ளே அரித்துக்கொண்டே போகும். கிளினிக்கில் தரும் மெதோட்ரெக்ஸேற் வேலைசெய்ய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். ஆனால் அரிப்பைக் கட்டுப்படுத்துவது அதுதான். பொறுமையில்லாமல் இடையில் விட்டுவிட்டு எண்ணெய்க்குத் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் கேட்பதில்லை; விரல் ஒருமுறை கோணினால் மருந்தால் நிமிர்த்த முடியாது. மெதோட்ரெக்ஸேற் கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் அசிட்டும், ஈரலையும் இரத்த அணுக்களையும் பார்க்கும் பரிசோதனையும் கூடவே வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பரிசோதனை என்றதும் தனியார் லேபில் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்எஃப் என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் செய்து, இல்லை என்று வந்தால் நிம்மதியாகிறார்கள். முடக்குவாதம் இருந்தும் ஆர்எஃப் காட்டாதவர்கள் உண்டு. யூரிக் அமிலமும் நோ உச்சத்தில் இருக்கும்போது சாதாரண அளவில் வரலாம், இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் வரிசை நீளம்தான், ஆனாலும் மூட்டைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க அங்கே ஆள் இருக்கிறார்.

ஒரேயொரு மூட்டு திடீரென்று வீங்கிக் கொதித்து, காய்ச்சலும் அடித்தால் கிளினிக் நாளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.