செட்டிநாட்டு விடுதிக்குக் குடிதண்ணீர்: பெட் பாட்டிலா, கேனா, கண்ணாடியா?

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பெரிய வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றுகிறவர்கள் கட்டில், குளியலறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். குடிதண்ணீருக்கு மட்டும் கடைக்கு ஒரு போன். பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு என்றால் 32. வருடத்தில் 150 நாள் அறைகள் நிறைந்தால் 4,800. காலி பாட்டில் 20 கிராம் என்று வைத்தாலும் 96 கிலோ பிளாஸ்டிக். "பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வாரே" என்பார்கள். பாட்டிலை எடுப்பார், உண்மைதான். அதற்கு விலை உண்டு. மூடியும், கழுத்து வளையமும், லேபிளும் தரையில்தான் கிடக்கும். பெட் தண்ணீரில் மூழ்கும் பிளாஸ்டிக், மூடி மிதக்கும் பிளாஸ்டிக். ஐப்பசி மழையில் தெரு வாய்க்காலிலிருந்து கண்மாய்க்குப் போகும்; கண்மாய் நிறைந்தால் கலுங்கு என்கிற வழிந்தோடி வழியாக அடுத்த கண்மாய்க்கு. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு எல்லாமே கிழக்கே பாக் நீரிணைப் பக்கம் போகிறவை. செட்டிநாட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தேவகோட்டையிலிருந்து தொண்டி எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கடலில்தான் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கடல்பசு கடற்புல்லை மேயும்போது புல்லோடு கிடப்பதும் வயிற்றுக்குள் போகும். திமிங்கலமும் தப்பவில்லை. 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வகாடோபியில் ஒதுங்கிய எண்ணெய்த் திமிங்கலத்தின் வயிற்றில் 115 பிளாஸ்டிக் கப் இருந்தது. நாலு பாட்டிலும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை. பாட்டில் தண்ணீர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முடிவு விடுதிக்காரர் கையில்.

பெட் பாட்டிலுக்கு ஒரே பலம் அதன் சீல். வெளிநாட்டுப் பயணி கண்ணால் பார்த்து நம்புவார். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இருபது லிட்டர் கேன் அதைவிட எவ்வளவோ மேல், விலையும் மலிவு. திரும்பப் போகிற பாத்திரம். குப்பை என்று விழுவது ஒரு மூடியும் கழுத்தைச் சுற்றிய சுருக்குத் தாளும்தான். வண்டியில் வெயிலில் நின்ற கேனில் பாசி பிடிக்கும், உள்ளே கீறல் விழுந்த கேனில் வழவழப்புத் தங்கும். வாங்கும்போதே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிட மோசம் டிஸ்பென்சர்: கேனை மாற்றுகிறவர்கள் அதன் தொட்டியையும் குழாயையும் கழுவுவதே இல்லை. அடுப்படிக்கும் வேலையாட்களுக்கும் கேன் போதும். அறைக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தால் பர்மா தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் நீலக் கேன் நிற்கும், பார்க்கச் சகிக்காது.

நம் ஓட்டு மூன்றாவதற்கு: வீட்டிலேயே சுத்திகரித்து, கண்ணாடி பாட்டிலில் நிரப்பி வைப்பது. இதில் முதல் தவறு, தண்ணீரைச் சோதிக்காமல் ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் கருவி) வாங்குவது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), கடினத்தன்மை, கோலிபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் கிருமி) மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர். கிருமி தவிர வேறு கோளாறு இல்லையென்றால் வண்டல் வடிகட்டி, கரி, யு.வி. (புற ஊதா) விளக்கு மூன்றும் போதும். ஆர்.ஓ. வைத்தால் குடிக்கிற தண்ணீரைவிடக் கழிவாக ஓடுகிற தண்ணீர் அதிகம். உப்பு ஏறிய போர்வெல்லுக்கு மட்டும் அது தேவை. அங்கேயும் தேய்ந்த வடிகட்டியும் சவ்வும் பிளாஸ்டிக் குப்பைதான் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 4,800 பாட்டிலோடு ஒப்பிட்டால் அது ஒரு கூடைக்குள் அடங்கும்.

போர்வெல்லுக்குப் போகும் முன் வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, பார்க்கலாம். ஓட்டுத் தண்ணீர் முற்றத்தில் விழும்படி கட்டிய வீடுகள் இவை. நூறு சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை, அதில் எண்பது சதவீதம் கைக்கு வந்தால் 72,000 லிட்டர். பதினாறு பேருக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் 150 நாளைக்குத் தேவை 7,200. பத்தில் ஒரு பங்கு! ஓட்டில் புறா எச்சம் இருக்கும் என்பதால் ஒவ்வொரு மழையிலும் முதல் 200 லிட்டரை வெளியே விட்டு, மணல், சரளை வழியாக மூடிய தொட்டிக்கு அனுப்பி, குடிக்கும் முன் யு.வி. காட்ட வேண்டும். யு.வி. விளக்கு நீலமாக எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஏறக்குறைய 9,000 மணி நேரத்தில் கிருமியைக் கொல்லும் பலம் குறைந்துவிடும், எரிந்துகொண்டேதான் இருக்கும். மாற்றிய தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். கரண்ட் போனால் தண்ணீரையும் நிறுத்திவிடும் வால்வு உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இந்த ஏற்பாடு கவிழ்வது ஓர் இடத்தில்தான்: பாட்டில் கழுவுவதில். ஒரு மாதம் ஒழுங்காக நடக்கும், அப்புறம் வெறும் தண்ணீரில் அலசி நிரப்ப ஆரம்பிப்பார்கள். கழுத்து குறுகிய அழகான பாட்டில் வாங்கினால் அடியில் பிரஷ் எட்டாது. வாய் அகன்றதே வேண்டும். கம்பி மூடி போட்டதென்றால் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவ வேண்டும், அதன் அடியில்தான் கரும்பூஞ்சை பிடிக்கும். கம்பி துருப்பிடிக்காத எஃகாக இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் துரு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, இரண்டு முறை அலசி, குளோரின் தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்க வேண்டும். நாலு சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் தரும் வெளுப்புத் திரவம்) என்றால் லிட்டருக்கு இரண்டரை மில்லி. அது 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு. பிறகு சுத்திகரித்த தண்ணீரில் ஒரு அலசு, கவிழ்த்து வைத்து உலர்த்தல். துணியால் உள்ளே துடைப்பது கூடவே கூடாது. கடைசி அலசை விட்டால் விருந்தினர் "நீச்சல்குள வாடை" என்பார். அந்த அலசை விடுவதற்குப் பதில் கூடுதலாக ஓர் ஆளை வையுங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் விரிசல். வெள்ளைப் படிவம் தெரிந்தால் அலசுவது போர்வெல் தண்ணீரில் என்று அர்த்தம். வினிகரில் ஊறவைத்தால் போய்விடும்.

ஒரு நாளைக்கு 32 பாட்டில் என்றால் வாங்க வேண்டியது நூறு: அறையில் ஒரு பங்கு, கழுவலில் ஒரு பங்கு, நிரப்பித் தயாராக ஒரு பங்கு. மிச்சம் உடைவதற்கு. ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்த பாட்டில் பிழைக்காது. மூடியின் மேல் நிரப்பிய தேதியுடன் ஒரு காகிதப் பட்டை ஒட்டினால் அந்தச் சீல் பிரச்சினையும் பெரும்பாலும் தீரும். எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. வயிறு கெட்டுப்போன அனுபவமுள்ளவர் பெட் பாட்டில்தான் கேட்பார். கேட்டால் கொடுத்துவிடுவதே மரியாதை. வீட்டு அலமாரியில் தூங்கும் எவர்சில்வர் கூஜாவும் உண்டு. உடையாது, திருகு மூடி இறுகும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் தயங்குவார்கள்.

கண்ணாடி தோற்பது காரில். பிள்ளையார்பட்டி, திருமயம் என்றால் அரை நாள். எஃகு பாட்டிலை நிரப்பிக் கொடுத்தனுப்பிச் சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தனுஷ்கோடிக்குப் போகிறவர்களுக்கு அது பத்தாது. வழியில் கடையில் வாங்கி, காலி பாட்டிலை மணலிலேயே விட்டு வருவதும் அங்கேதான். டிக்கியில் குழாய் வைத்த பத்து லிட்டர் எஃகு டிரம், கூடவே காலி பாட்டில் போட ஒரு சாக்கு. டிரைவரிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், டிரம்மை வெயில் படாத பக்கம் வைக்கச் சொல்லி.