கியூட்டின் கருவிப்பட்டை: மும்மொழி மென்பொருளுக்கு எவ்வளவு தோதானது?

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்கு விற்பனை மென்பொருள் எழுதுவோருக்கு, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் குலையாமல் நிற்கும் கருவிப்பட்டை, அதாவது திரையில் பொத்தான்கள் அடுக்கிய பட்டை, தேவைப்படுகிறது. பைதன் நிரல்மொழியுடன் வரும், திரைச் சாளரங்களை அமைக்கும் தொகுப்பான டிகின்டரில் (Tkinter) அதற்கெனத் தனிக் கூறு கிடையாது. ஒரு சட்டகத்துக்குள் பொத்தான்களை நாமே அடுக்க வேண்டும். நோர்வேயில் உருவாகி 1995இல் முதன்முதலாக வெளியான, அதே வகைத் தொகுப்பான கியூட்டோ (Qt) இதை ஆயத்தமாகவே தருகிறது. அதன் பைதன் வடிவமான பைசைட் 6ஐ வைத்தே இம்மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கியூட்டின் உண்மையான பலம் பட்டையைவிட ‘ஆக்‌ஷன்’ என்னும் பொருளில்தான் இருக்கிறது. ‘பற்றுச்சீட்டு அச்சிடு’ என்பதற்கு ஓர் ஆக்‌ஷனை உருவாக்கி, பெயரையும் படத்தையும் குறுக்குவிசையையும் அதற்கே கொடுத்து, மேலே உள்ள பட்டியலிலும் கருவிப்பட்டையிலும் சேர்த்துவிட்டால், அச்சிட எதுவும் இல்லாத வேளையில் அதை ஒருமுறை முடக்கினாலே இரண்டு இடங்களிலும் மங்கிவிடுகிறது. தமிழுக்கு இன்னும் பயனுள்ளது ‘செட்ஐகன்டெக்ஸ்ட்’. பட்டியலில் ‘வாடிக்கையாளர் கணக்கு நிலுவை’ என்று முழுமையாக இருக்க, பொத்தானின் கீழே ‘நிலுவை’ என்று மட்டும் போடலாம். சுட்டியை மேலே வைத்தால் முழுப்பெயர் தானாகத் தோன்றும். நீளமான தமிழ்ச் சொற்களால் பட்டை நிரம்பினால் மிஞ்சும் பொத்தான்கள் ஓரத்திலுள்ள சிறு அம்புக்குறிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால், இவ்வசதியை அலங்காரமாகக் கருத முடியாது. ஆனால் இயல்புநிலையில் பொத்தானில் படம் மட்டுமே தெரியும். எழுத்து வேண்டுமென்றால் பாணியை நாமே மாற்ற வேண்டும்.

இயல்புநிலைகள் சில கடைக்குப் பொருந்தவே இல்லை. பட்டையை யாரும் இழுத்து வேறிடத்தில் வைக்கலாம். வலச்சொடுக்கினால் வரும் பட்டியலில் அதை மறைத்தும் விடலாம். காசாளர் நெரிசலில் நிற்கும் இடத்தில் இரண்டையும் பூட்டிவைப்பதே நல்லது. பட்டையின் இடத்தைச் சேமித்து மீட்கவும் வழி உண்டு, ஆயினும் ஒவ்வொரு பட்டைக்கும் ‘ஒப்ஜெக்ட் நேம்’ என்னும் அடையாளப் பெயரை நிரலில் கொடுத்திருந்தால்தான் அது வேலை செய்யும். பொத்தான்களுக்கு நடுவே விரியும் இடைவெளி விடுவதற்குத் தனிக் கட்டளை இல்லாமல் வெற்றுக் கூறொன்றைச் செருக வேண்டியிருப்பது, இத்தனை பதிப்புகளுக்குப் பின்னரும் எனக்கு விளங்காத கஞ்சத்தனம்.

உரிம விடயத்தில், கியூட்டின் மற்றொரு பைதன் வடிவமான பைகியூட்டை விடப் பைசைட்டே சிறு நிறுவனங்களுக்கு உகந்தது. முன்னையது, விற்கும் மென்பொருளின் மூலநிரலையும் தரக் கோரும் ஜிபிஎல் (GPL) அல்லது கட்டண உரிமத்தில் வருகிறது. பின்னையது அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் (LGPL) உரிமத்திலும் கிடைப்பதால், அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடித்து, நம் மூலநிரலை வெளியிடாமலே விற்கலாம்.